தோலும் எண்ணெயும்



காளையின் கழுத்தில் கட்டும் சலங்கை வார். இடுப்பில் கட்டும் பெல்ட். காலில் போடும் செருப்பு. தோளில் மாட்டும் பை. இவை எல்லாம் தோலில் செய்யும் பொருள்கள்.

இவற்றில் சிலவற்றின் மேல் பூவேலை இருக்கும். கொடி, இலை, மயில், சக்கரம் என்று பல வடிவங்கள் இருக்கும். இதைக் கையால் செய்வார்கள். முதலில் தோலை ஈரமாக்குவார்கள். அதன் மேல் அச்சை வைத்துச் சுத்தியால் தட்டுவார்கள். தோல் காய்ந்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நிற்கும்.

பூவேலை முடிந்ததும் தோல் வெளுப்பாக இருக்கும். பார்க்க உயிர் இல்லாமல் இருக்கும். கடைசியாக எண்ணெய் பூசுவார்கள். நிறம் கருக்கும். பூவும் கொடியும் எடுப்பாகத் தெரியும். தோல் மெதுவாக வளையும்.

இந்தக் கடைசி வேலையில்தான் பலர் நஷ்டப்படுகிறார்கள். பத்து நாள் உழைப்பு ஒரு மணி நேரத்தில் கெட்டுவிடலாம். கெடாமல் செய்வது எப்படி? அதுதான் இந்தப் பாடம்.

1. எந்தத் தோல் என்று பாருங்கள்

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அதனால் அதைப் பதனிடுகிறார்கள். பதனிட இரண்டு வழிகள் முக்கியமானவை.

ஒன்று, மரப்பட்டையிலும் காயிலும் ஊறவைத்துப் பதனிடுவது. இந்தத் தோல் வெளிர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருக்கும்.

மற்றொன்று, குரோம் என்ற உலோக உப்பில் பதனிடுவது. இந்தத் தோல் முதலில் நீல நிறமாக இருக்கும். பிறகு வேண்டிய சாயம் ஏற்றுவார்கள்.

பூவேலைக்கு ஏற்றது பட்டைத் தோல்தான். குரோம் தோலில் அச்சு நன்றாக நிற்காது. எண்ணெய் பூசினாலும் பட்டைத் தோலைப் போல அழகாகக் கருக்காது.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுப்பகுதி நீலமாகவோ சாம்பல் பச்சையாகவோ இருந்தால் அது குரோம் தோல். முழுவதும் பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் பட்டைத் தோல். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மேல்பூச்சு இல்லாத பட்டைத் தோல் தண்ணீரைக் குடிக்கும். அந்த இடம் கருக்கும்.

2. நம் பக்கத்து ஆவாரை

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஆவாரஞ்செடி தரிசு நிலத்திலும் வழியோரத்திலும் வளரும். அதன் மஞ்சள் பூவை எல்லோருக்கும் தெரியும். அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அந்தத் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காக்கிறது.

தென்னாட்டில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது பழைய தொழில். பட்டையில் ஊறிய பிறகு தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் போடுவார்கள். பிறகு நல்லெண்ணெய், புங்க எண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றைத் தேய்ப்பார்கள். இப்படிச் செய்த தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குக் கப்பலில் போனது. வியாபாரிகள் இதை ‘ஈ.ஐ. தோல்’ என்றார்கள். கிழக்கிந்தியத் தோல் என்று பொருள். திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பக்கங்களில் இந்தத் தொழில் வேரூன்றியது.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் பட்டால் அது சிவக்கும். அந்தச் சிவப்பைக் குறைக்கத்தான் கடுக்காய் சேர்த்தார்கள். இந்தக் குணத்தை மனத்தில் வையுங்கள். தோலைக் கருக்க வைப்பது எண்ணெய் மட்டும் அல்ல. வெயிலுக்கும் அதில் பங்கு உண்டு.

3. தோலுக்கு எண்ணெய் எதற்கு?

தோலுக்குள் மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கின்றன. தோலை வளைக்கும்போது இந்த நார்கள் ஒன்றின் மேல் ஒன்று நகர வேண்டும். எண்ணெய் இருந்தால் நகரும். எண்ணெய் வற்றினால் நார்கள் ஒட்டிக்கொள்ளும். அப்போது வளைத்தால் தோல் வெடிக்கும்.

வண்டிச் சக்கரத்தின் அச்சுக்கு மை போடுகிறோம் அல்லவா? தோலுக்கு எண்ணெய் போடுவதும் அதைப் போலத்தான்.

சரி, எண்ணெய் பட்டதும் நிறம் ஏன் மாறுகிறது? காய்ந்த செம்மண்ணில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மண் கருத்துத் தெரியும். தண்ணீர் காய்ந்ததும் பழைய நிறம் வரும். தோலிலும் இதுதான் நடக்கிறது. ஆனால் எண்ணெய் தண்ணீரைப் போலக் காய்ந்து போகாது. உள்ளேயே தங்கும். அதனால் நிறமும் தங்கும்.

4. எந்த எண்ணெய் நல்லது?

நல்லெண்ணெய்: சீக்கிரம் உள்ளே இறங்கும். மற்றச் சமையல் எண்ணெய்களைவிடச் சிக்கு வாடை மெதுவாகத்தான் வரும். பழகுபவர்களுக்கு ஏற்றது.

விளக்கெண்ணெய்: கெட்டியானது. மெதுவாக இறங்கும். நீண்ட நாள் உள்ளே நிற்கும். அதிகம் பூசினால் பிசுபிசுக்கும்.

புங்க எண்ணெய்: தோல் தொழிலில் பழகிய எண்ணெய். நிறம் அடர்த்தியானது. வாடை உண்டு. மாட்டு வாருக்கு நல்லது. பைக்கும் பர்சுக்கும் வாடை ஒத்துவராது.

வேப்பெண்ணெய்: பூச்சி அண்டாமல் இருக்க உதவும். வாடை மிகவும் அதிகம். வேறு எண்ணெயில் சில சொட்டுகள் மட்டும் கலக்கலாம்.

தேங்காய் எண்ணெய்: குளிர் காலத்தில் உறைந்துவிடும். தோலின் மேல் வெள்ளையாகப் படியலாம்.

சூரியகாந்தி எண்ணெய்: நாளானால் பிசின் போல ஒட்டும். வேண்டாம்.

ஆளி விதை எண்ணெய்: இது காய்ந்து கெட்டியாகும். மரத்துக்கு நல்லது. வளையும் தோலுக்கு ஆகாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த எண்ணெய் ஊறிய துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம்.

வெளிநாடுகளில் குதிரைச் சேணத்துக்கு மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுகிறார்கள். அது உறைபனிக் குளிரிலும் எளிதில் உறையாது. நம் ஊர்ச் சூட்டுக்கு நம் எண்ணெய்களே போதும்.

பழைய எஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய் இரண்டையும் தொடவே வேண்டாம். அவை தோலையும் கெடுக்கும். பூசுகிறவர் கையையும் கெடுக்கும்.

5. ஒரு பட்டறையில்

சந்திரகிரி பக்கத்தில் ஒரு சிறிய பட்டறை என்று வைத்துக்கொள்வோம். அங்கே தந்தையும் மகளும் வேலை செய்கிறார்கள். தந்தைக்கு நாற்பது ஆண்டு அனுபவம். இப்போது கண் பார்வை மங்கி வருகிறது. மகள் சமீபத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றாள்.

சங்கராந்திக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. காளை வளர்க்கும் ஒருவர் வந்தார். கையில் ஒரு பழைய சலங்கை வார் இருந்தது. நன்றாகக் கருத்து, மினுமினுத்தது.

“அண்ணா, இதே மாதிரி இன்னொன்று வேண்டும். ஜோடிக் காளை. இரண்டு கழுத்திலும் ஒரே நிறம் இருக்க வேண்டும்” என்றார். முன்பணமும் கொடுத்தார்.

புதிய வாரை வெட்டி, பூவேலை செய்து முடித்தார்கள். மகள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

“நில்லு கண்ணு” என்றார் தந்தை. “எவ்வளவு பூசப் போகிறாய்?”

“பழைய வார் நிறம் வரும்வரைக்கும் பூசலாம், நைனா.”

“அதிகமாகிவிட்டால் என்ன செய்வாய்?”

“துடைத்துவிடலாம்.”

“மேலே இருப்பதைத் துடைக்கலாம். உள்ளே போனதை எடுக்க முடியாது. நீதான் கணக்குப் படித்தாயே. இது கூட்டல் கணக்கு. கழித்தல் இதில் கிடையாது.”

மகள் யோசித்தாள். “அப்போ நீங்கள் மட்டும் எப்படி அளவு பார்த்தீர்கள், நைனா?”

“கண்ணால் பார்த்தேன். கையால் தடவிப் பார்த்தேன். இப்போ கண்ணு சரியாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததை உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.”

மகள் அதே தோலில் வெட்டி மிஞ்சிய துண்டுகளை எடுத்தாள். ஐந்து துண்டுகளைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பேனாவால் எழுதினாள்.

1. எண்ணெய் இல்லை.
2. நல்லெண்ணெய், 1 தடவை.
3. நல்லெண்ணெய், 2 தடவை.
4. வெயில் 1 நாள், நல்லெண்ணெய் 1 தடவை.
5. வெயில் 1 நாள், நல்லெண்ணெய் 2 தடவை.

எழுதியபடியே செய்தாள். மூன்று நாள் கழித்துத் துண்டுகளை வரிசையாக வைத்தாள். பழைய வாரைப் பக்கத்தில் வைத்தாள்.

“நைனா, ஐந்தாவது துண்டு அச்சாக அதே நிறம்!”

“அப்படியானால் நாலாவதைப் போலச் செய்” என்றார் தந்தை.

“ஏன் நைனா? அது கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறதே.”

“இப்போ வெளுப்புத்தான். பழைய வார் பல வருஷம் வெயிலும் வேர்வையும் குடித்துவிட்டது. இனி அது பெரிதாக மாறாது. புது வார் இனிமேல்தான் வெயில் குடிக்கப் போகிறது. இன்றைக்கே ஒரே நிறமாகச் செய்தால், அடுத்த வருஷம் புதுசு பழசைவிடக் கருத்துவிடும்.”

காளைக்காரர் வந்தபோது மகள் நாலாவது துண்டையும் ஐந்தாவது துண்டையும் காட்டினாள். தந்தை சொன்ன காரணத்தையும் சொன்னாள். அவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாலாவது போலவே செய்யுங்கள்” என்றார். மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். நாலாவது துண்டை நோட்டிலேயே தைத்து வைத்தாள்.

தந்தை அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று தெரியும். அது அவருடைய நாற்பது ஆண்டில் ஒரு பகுதி.

6. செய்முறை

இப்போது வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தோலை நன்றாகக் காயவிடுங்கள். பூவேலைக்காக ஈரமாக்கிய தோல் உள்ளே வரைக்கும் காய வேண்டும். நிழலில் ஒரு நாள் முழுவதும் விடுங்கள். ஈரத் தோலை அடுப்பின் பக்கம் வைக்க வேண்டாம். வெந்து சுருங்கிவிடும். பிறகு அது ஒருபோதும் மென்மையாகாது.

வெயில் நிறம் வேண்டுமானால் இப்போது வெயிலில் வையுங்கள். காலை வெயில் நல்லது. மணிக்கு ஒருமுறை திருப்பி வையுங்கள். எந்த இடத்தில் நிழல் விழுகிறதோ அந்த இடம் வெளுப்பாகவே நிற்கும். ஒரு கயிறு மேலே கிடந்தால்கூட அதன் தடம் தெரியும். சித்தூர்க் கோடை வெயில் மிகவும் கடுமையானது. நண்பகலில் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

எண்ணெயை இளஞ்சூடாக்குங்கள். எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் போதும். நேராக அடுப்பில் வைக்க வேண்டாம். விரலை விட்டால் பொறுக்கும் சூடுதான் வேண்டும்.

நூல் பிரியாத பருத்தித் துணியை எடுங்கள். எண்ணெயில் தொட்டுப் பிழியுங்கள். துணியிலிருந்து எண்ணெய் சொட்டக் கூடாது. ஒரு பெல்ட்டுக்கு ஒரு தடவைக்கு ஒரு சிறு கரண்டி எண்ணெயில் தொடங்கலாம். வட்டமாகத் தேய்த்து, நிற்காமல் கையை நகர்த்துங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே திட்டு விழும். பள்ளங்களில் எண்ணெய் தேங்கினால் உடனே ஒற்றி எடுங்கள்.

பின்பக்கமும் லேசாகப் பூசுங்கள். ஓரங்களை மறக்க வேண்டாம்.

இப்போது காத்திருங்கள். இதுதான் கடினமான வேலை. பூசியதும் தோல் மிகவும் கருப்பாகத் தெரியும். சில இடம் கருப்பு, சில இடம் வெளுப்பு என்று திட்டுத் திட்டாகத் தெரியும். பயப்பட வேண்டாம். எண்ணெய் உள்ளே பரவப் பரவ நிறம் சமமாகும். கொஞ்சம் வெளுக்கவும் செய்யும். ஒரு நாள் முழுவதும் கழிந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும். அதன் பிறகே அடுத்த தடவை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

போதும் என்று தோன்றும் நிறத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள். மீதியை வெயிலும் கையும் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகத் தேன்மெழுகு. எடையில் 1 பங்கு மெழுகு, 3 பங்கு எண்ணெய் எடுங்கள். கிண்ணத்தை வெந்நீரில் வைத்து மெழுகை உருக்குங்கள். நன்றாக ஆறவிடுங்கள். ஆறினால் களிம்பு போல ஆகும். இதை லேசாகப் பூசி, உலர்ந்த துணியால் பளபளக்கத் தேயுங்கள். தண்ணீர் பட்டால் சீக்கிரம் உள்ளே இறங்காது.

பித்தளை ஆணி, வளையம், சலங்கை எல்லாவற்றையும் இதற்குப் பிறகு மாட்டுங்கள். எண்ணெய் தேங்கிய இடத்தில் பித்தளை இருந்தால் பச்சையாகக் களிம்பு பிடிக்கும்.

7. கறுப்பே வேண்டுமா? காளத்தியைப் பாருங்கள்

எண்ணெயால் அடர்ந்த பழுப்பு வரும். அட்டைக் கறுப்பு வராது. கறுப்புக்கு வேறு வழி இருக்கிறது. அது நம் பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்ரீகாளஹஸ்தி முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே கலம்காரி வேலை புகழ் பெற்றது. துணியில் பேனா போன்ற குச்சியால் சாமி படங்களும் கதைகளும் வரைகிறார்கள். முதலில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். பிறகு இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு போடுகிறார்கள். அந்த நீர் துணியில் பட்டதும் கோடு கறுப்பாகிறது.

காரணம் என்ன? கடுக்காயில் துவர்ப்பு இருக்கிறது. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு.

பட்டைத் தோலிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. அதனால் இதே இரும்பு நீர் தோலையும் கறுப்பாக்கும். மண்பானையில் பழைய இரும்பு ஆணிகள், வெல்லம், தண்ணீர் போடுங்கள். வெள்ளைப் பூச்சு உள்ள ஆணி வேண்டாம். வாயைத் துணியால் கட்டுங்கள். மூடியால் இறுக மூட வேண்டாம். உள்ளே காற்று உண்டாகி வெளியே வரும். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து வடிகட்டுங்கள்.

இதை எண்ணெய்க்கு முன்பே பூச வேண்டும். எண்ணெய் ஏறிய தோல் இந்த நீரைக் குடிக்காது. கறுப்பான பிறகு, 1 லிட்டர் தண்ணீரில் 1 சிறு கரண்டி சமையல் சோடா கரைத்து ஒருமுறை துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, நிழலில் காயவிட்டு, எண்ணெய் பூசுங்கள். இரும்பு நீர் தோலில் அதிகமாகத் தங்கினால் நாளடைவில் தோல் வலு இழக்கும். அதனால் ஒரு தடவை போதும்.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஈரத் தோல் இரும்பில் பட்டால் நீலக் கறை விழும். துருப்பிடித்த கத்தி, இரும்புத் தட்டு, அரத்தூள் ஒட்டிய விரல், எல்லாமே கறை வைக்கும். தோலை நனைக்கப் பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். கறை விழுந்துவிட்டால் எலுமிச்சைச் சாற்றை லேசாகத் தொட்டு வையுங்கள். கறை மங்கியதும் தண்ணீரால் துடையுங்கள்.

ஊறல் நீரைக் கிணற்றுப் பக்கமோ ஏரியிலோ கொட்ட வேண்டாம். குப்பம் வழியாக ஓடி வேலூர்ப் பக்கம் போகும் பாலாறு, கீழே பல ஊர்களில் தோல் கழிவால் கெட்டது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புக் கூறியது. நம் பட்டறை சிறியதுதான். ஆனால் நம் கிணறும் சிறியதுதான்.

8. மழைக் காலத்தில்

நம் வட்டாரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும். அப்போது தோலில் வெள்ளைப் பூசணம் பூக்கும். தோல் பொருளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டாம். காற்றாடத் தொங்கவிடுங்கள். பூசணம் வந்தால் உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடையுங்கள். காலை வெயிலில் சிறிது நேரம் வைத்து எடுங்கள். தோல் காய்ந்த பிறகு லேசாக எண்ணெய் தடவுங்கள்.

மாட்டு வாருக்கு வருடத்தில் இரண்டு முறை எண்ணெய் போடலாம். மழைக்கு முன் ஒருமுறை, கோடைக்கு முன் ஒருமுறை. முதலில் சேற்றையும் உப்பையும் ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். அழுக்கின் மேல் எண்ணெய் பூசினால் அழுக்கும் உள்ளே போகும்.

9. கணக்குப் போட்டுப் பாருங்கள்

இது ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தோல்: 300 ரூபாய்
பித்தளைச் சாமான்: 120 ரூபாய்
நூல், எண்ணெய், மெழுகு: 30 ரூபாய்
2 நாள் கூலி: 1000 ரூபாய்
மொத்தம்: 1450 ரூபாய்

எண்ணெய் வேலையில் வார் கெட்டால், கூலியோடு சேர்த்து நஷ்டம் 1450 ரூபாய். வாடிக்கையாளரும் போய்விடுவார். ஐந்து துண்டுகளில் சோதித்துப் பார்க்க ஆகும் செலவு என்ன? வெட்டி மிஞ்சிய தோல். கொஞ்சம் எண்ணெய். மூன்று நாள் பொறுமை.

10. தொழிலும் மதிப்பும்

திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரி இருக்கிறது. அங்கே பாதால மண்டபத்தில் பக்தர்கள் சுவாமியின் பாதுகைகளைத் தலையில் வைத்துச் சுற்றி வருவார்கள். செருப்பைத் தலையில் வைக்கிற ஊரில், செருப்புத் தைத்தவரைத் தள்ளி வைத்த காலமும் இருந்தது. தீண்டாமையை நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்தது. 1955இல் அதற்குத் தண்டனைச் சட்டமும் வந்தது. இன்றும் யாராவது தீண்டாமை பாராட்டி இழிவு செய்தால் அது குற்றம்.

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றார். தம் கையால் தைத்த ஒரு ஜோடியை 1914இல் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார். தம்மைச் சிறையில் போட்டவருக்கே கொடுத்தார். 1939இல் ஸ்மட்ஸ் அதை மரியாதையோடு திருப்பி அனுப்பினார்.

மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் செய்யும் கோலாப்பூர் செருப்பும் பட்டைத் தோலில் செய்வதுதான். அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்தப் பெயரில் வேறு யாரும் போலி விற்க முடியாது. செய்கிறவர்களின் திறமைக்குச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு அது.

தோல் வேலையில் மேலும் பயிற்சி வேண்டுமா? சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1948இல் தொடங்கியது. அங்கே தோல் தொழில் பயிற்சிகள் நடத்துகிறார்கள். கடிதம் எழுதிக் கேட்கலாம். உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்.

நினைவில் வையுங்கள்

பூவேலைக்குப் பட்டைத் தோல்.
ஈரம் போன பிறகே எண்ணெய்.
இளஞ்சூடு, மெல்லிய பூச்சு, ஒரு நாள் பொறுமை.
கறுப்பு நீர் முதலில், எண்ணெய் பிறகு.
கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள்.
துண்டில் சோதியுங்கள். எழுதி வையுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. வெட்டிய ஓரத்தைப் பார்த்துக் குரோம் தோலை எப்படிக் கண்டுபிடிக்கலாம்?
2. எண்ணெய் பூசிய அன்றே நிறத்தை முடிவு செய்யக் கூடாது. ஏன்?
3. தந்தை ஏன் நாலாவது துண்டைப் போலச் செய்யச் சொன்னார்?
4. கலம்காரித் துணியில் கோடு கறுப்பாவது எப்படி?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் ஒரு பழைய பட்டைத் தோல் செருப்போ வாரோ இருக்கும். அதன் உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் நல்லெண்ணெய் தடவுங்கள். கீழே உள்ளபடி நோட்டில் எழுதுங்கள்.

தேதி:
பொருள்:
எண்ணெய்:
எத்தனை தடவை:
அன்று மாலை நிறம்:
மறுநாள் நிறம்:
ஒரு மாதம் கழித்து நிறம்:

உங்கள் தொழில் வேறாக இருக்கலாம். நெசவாக இருக்கலாம். சமையலாக இருக்கலாம். விவசாயமாக இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவர் கண்ணாலும் கையாலும் அளக்கும் ஒன்று அங்கேயும் இருக்கும். அது என்ன என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதை அவரே சொல்வார்.